மீகடத்திக் காயில் மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

சிங்க்ரோட்ரான் ஒளிமூலங்களுக்கான (எலக்ட்ரானை வளையத்தில் ஓடவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் கூடங்கள்) உயர்வெப்பநிலை மீகடத்திக் (குளிர்வித்தால் மின்தடை இல்லாமல் கரண்ட் கடத்தும் பொருள்) காந்தம் செய்யும் வேலையில் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, எங்களைப் போல புதுச்சேரி, கடலூர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஒரு திரவ நைட்ரஜன் கேன், ஒரு டிசி பவர் சப்ளை, ஒரு நானோவோல்ட்மீட்டர், கூடவே நாலு மாணவர்கள் என்று வைத்துக்கொண்டு மாதிரிக் காயில் (கம்பிச்சுருள்) சுற்றிச் சோதிக்கிறவர்களுக்கு. பெரிய ஆய்வுக்கூடங்களில் இதற்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு இல்லை, அதனால் அறிகுறியைப் பார்த்ததும் எங்கே கை வைப்பது, எங்கே கை வைக்கவே கூடாது என்பது நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். அண்டுலேட்டர் என்பது வடக்கு, தெற்கு என்று மாறி மாறி அடுக்கிய காந்த வரிசை. அதன் நடுவே எலக்ட்ரான் வளைந்து வளைந்து போகும்போது எக்ஸ்-கதிர் வருகிறது. வரிசையின் அலைநீளத்தைக் குறைத்தால் அதே எலக்ட்ரான் ஆற்றலில் இன்னும் சிறிய அலைநீள ஒளி கிடைக்கும், ஆனால் நிரந்தரக் காந்தத்தில் அலைநீளம் குறையக் குறைய இடைவெளியில் காந்தப்புலமும் படுத்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் ஆர்கான், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ போன்ற இடங்களில் நியோபியம்-டைட்டானியம் மீகடத்தி அண்டுலேட்டருக்குப் போனார்கள். அது சுமார் 4 கெல்வினில் ஓட வேண்டியது. எலக்ட்ரான் கற்றை தன் பங்குக்குச் சில வாட் வெப்பத்தைக் குழாய்ச் சுவரில் கொட்டும்போது 4 கெல்வினில் அதை வெளியேற்றுவது பெரிய செலவு. 10 முதல் 20 கெல்வினில் ஓடுகிற ரெப்கோ டேப்போ (மெல்லிய பீங்கான் மீகடத்தி பூசிய உலோகப் பட்டை), கட்டி மீகடத்தியோ (அதே வகைப் பீங்கானின் திண்மத் துண்டு) இருந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் 10 மில்லிமீட்டர் அலைநீளம், 4 மில்லிமீட்டர் இடைவெளி, 2 டெஸ்லா என்ற இலக்கோடு கட்டி மீகடத்தி அண்டுலேட்டரில் வேலை செய்கிறார்கள். கணக்குக்காக அதே எண்களை இந்தூர் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் வளையத்தின் 2.5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் போட்டுப் பார்த்தால் சுமார் 5.7 ஆங்ஸ்ட்ராம் அலைநீள ஒளி வருகிறது. இந்த எண் எனக்குப் பிடித்த எண், ஏனென்றால் நம் நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வளையத்தில் இது என்ன செய்யும் என்று காட்டுகிறது.

சரி, பிழைகளுக்கு வருவோம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: காயிலை அவிழ்க்காதீர்கள். "சார், காயில் போச்சு சார்" என்று யாராவது சொன்ன உடனே ஸ்பேனரைத் தேடாமல், கரண்டுக்கு எதிராக வோல்டேஜை வரைந்து அந்தக் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். கோடு நேராக ஏறுகிறதா, தட்டையாக ஓடிவிட்டுக் கடைசியில் எகிறுகிறதா, பூஜ்யத்திலேயே விலகி நிற்கிறதா, நேரத்தோடு நகர்கிறதா என்பதில் பாதி விடை இருக்கிறது. போய்விட்டது என்று சொல்லப்படும் காயில்களில் பெரும்பாலானவற்றில் டேப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இணைப்பிலோ அளவீட்டிலோதான் கோளாறு இருக்கும். அவிழ்த்து மறுபடி சுற்றும்போதுதான் நல்ல டேப் நிஜமாகவே கெடுகிறது.

கரண்டே விடவில்லை, மீட்டர் சில மைக்ரோவோல்ட் காட்டுகிறது

இது வெப்ப மின்னழுத்தம். ஒரு முனை 77 கெல்வினிலும் மறுமுனை அறை வெப்பத்திலும் இருக்கும்போது, வழியில் வேறு வேறு உலோகங்கள் வந்தால் வோல்டேஜ் வரத்தான் செய்யும். சென்ஸ் ஒயரை (வோல்டேஜை அளக்கும் கம்பியை) டேப்பிலிருந்து மீட்டர் வரைக்கும் இடையில் வேறு கனெக்டர் இல்லாமல் ஒரே செம்புக் கம்பியாக, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, கொண்டு வாருங்கள். கம்பி மீட்டரில் சேருமிடத்தில் ஏசி காற்று நேராக அடித்தால் அளவு ஆடிக்கொண்டே இருக்கும், அங்கே ஒரு துண்டு தெர்மோகோல் வைத்து மூடினாலே பாதி அடங்கிவிடும். மிச்சத்துக்கு, கரண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டு எடுத்த இரண்டு அளவுகளைக் கழித்துப் பாதியாக்குங்கள். நைட்ரஜன் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தால் இந்த வோல்டேஜும் மெல்ல நகரும், அதனால் நீண்ட அளவீட்டின் நடுவே கேனிலிருந்து ஊற்றாதீர்கள், ஊற்றினால் அமைதியாகும் வரை காத்திருங்கள்.

கரண்டை ஏற்றும்போது ஒரு மட்டம் காட்டுகிறது, நிறுத்தினால் பூஜ்யம்

கவலையே வேண்டாம், அது காயிலின் இண்டக்டன்ஸ். 1 மில்லி ஹென்றி காயிலில் வினாடிக்கு 1 ஆம்பியர் ஏற்றினால் 1 மில்லிவோல்ட் வரும். படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, அடங்கிய பிறகு படியுங்கள்.

கரண்ட் ஏற ஏற வோல்டேஜும் நேர்கோடாக ஏறுகிறது

மீகடத்தி நேர்கோடு போடாது. அதன் வோல்டேஜ் கரண்டின் பெரிய அடுக்கில் ஏறும். அடுக்கெண் 30 என்றால் கரண்டைப் பத்து சதவீதம் கூட்டியதும் வோல்டேஜ் சுமார் 17 மடங்காகிவிடும். ஆகவே நேர்கோடு வந்தால் சென்ஸ் ஒயர்களுக்கு நடுவே எங்கேயோ சாதாரண மின்தடை உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், அநேகமாக ஒரு சால்டர் இணைப்பு. சாய்வைக் கணக்குப் போட்டால் மின்தடை கையில் வந்துவிடும்: 100 ஆம்பியரில் 10 மைக்ரோவோல்ட் என்றால் 100 நானோ ஓம்.

இது அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது? 4 மில்லிமீட்டர் டேப்பை 5 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒழுங்காகச் சால்டர் செய்தால் சில பத்து நானோ ஓம் வரும். பல நூறு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டேப்பின் பக்கத்தைத்தான். ரெப்கோ டேப்பில் பாதிக்கு மேல் ஹாஸ்டலாய் உலோகம், அதன் ஒரு பக்கத்தில் மட்டும்தான் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் மீகடத்தி, இடையில் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு அடுக்குகள். இரண்டு டேப்பின் மீகடத்திப் பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தால் கரண்ட் விளிம்பில் உள்ள மெல்லிய செம்பைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே செம்பு நிறம். டேப் ரீலிலிருந்து எடுத்த உடனே மீகடத்திப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஓரமாகக் கோடு போட்டுவிடுவது ஒன்றுதான் வழி. இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகும், செய்யாவிட்டால் ஒரு வாரம் போகும்.

அடுத்த சந்தேகம் சூடு. சாதாரண 63/37 ஈயச் சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்பை 300-ல் வைத்து நிதானமாகத் தேய்த்தால் மீகடத்தியிலிருந்து ஆக்சிஜன் கிளம்பிவிடும், அப்புறம் அது திரும்பி வராது. இரும்பின் வெப்பத்தை 200 டிகிரியை ஒட்டிக் கட்டுப்படுத்துங்கள், சில வினாடிகளில் முடியுங்கள். முடிந்தால் 118 டிகிரியில் உருகும் இண்டியம்-வெள்ளீயச் சால்டருக்குப் போங்கள், விலை கூடுதல்தான், ஆனால் டேப்பின் விலையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஃபிளக்ஸ் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். அமில ஃபிளக்ஸ் போட்டு அப்படியே விட்டால், கடற்காற்றில் இருக்கும் உப்போடு சேர்ந்து இணைப்பின் ஓரத்தில் பச்சையாகப் பூத்துவிடும். இரண்டு மாதம் கழித்து அதே இணைப்பின் மின்தடை கூடியிருக்கும். ரோசின் ஃபிளக்ஸ் மட்டும் போடுங்கள், வேலை முடிந்ததும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

டேப்பில் 130 ஆம்பியர், சுற்றிய காயிலில் 70 தான்

பயப்படுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். விற்பவர் தாளில் தருவது 77 கெல்வினில், வெளிப்புலம் இல்லாத நேரான துண்டின் மாறுநிலை மின்னோட்டம், அதாவது மீகடத்தியாகவே இருந்து அது தாங்கும் அதிகபட்சக் கரண்ட். காயிலாகச் சுற்றியதும் காயில் தன் புலத்துக்குள் தானே உட்காருகிறது. டேப்பின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக வரும் புலம்தான் எதிரி. 77 கெல்வினில் 0.1, 0.2 டெஸ்லா செங்குத்துப் புலத்துக்கே மாறுநிலை மின்னோட்டம் பாதி அளவுக்கு இறங்கிவிடும். காயிலின் மேல், கீழ் விளிம்புகளில்தான் இந்தச் செங்குத்துப் புலம் அதிகம். புலத்தைக் கணினியில் கணக்கிட்டு, காயிலின் சுமைக்கோட்டை (எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு புலம் என்ற கோடு) டேப்பின் வளைகோட்டோடு (எவ்வளவு புலத்தில் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பது) சேர்த்து வரைந்தால் இரண்டும் வெட்டும் இடம் கிடைக்கும். அது 70-ஐ ஒட்டி வந்தால் உங்கள் காயில் சரியாகவே வேலை செய்கிறது. 20 கெல்வினுக்குப் போனால் இதே காயில் பல மடங்கு தாங்கும்.

கணக்கில் 90 வந்து அளவில் 70 என்றால்தான் விசாரிக்க வேண்டும். அடுக்கெண்ணைப் பாருங்கள். நல்ல டேப்பில் 20-க்கு மேல் இருக்கும். அது 10-ஐ ஒட்டி இறங்கியிருந்தால் எங்கேயோ டேப் அடிபட்டிருக்கிறது. உருளையின் விட்டம் மிகச் சிறியதா, சுற்றும்போது மீகடத்திப் பக்கம் வெளியே பார்த்ததா என்று பாருங்கள். உள்ளே பார்த்தால் அந்த அடுக்கு அமுங்குகிறது, அதைத் தாங்கும். வெளியே பார்த்தால் இழுபடுகிறது, அதைத் தாங்குவது குறைவு. அண்டுலேட்டரில் முனைகளில் டேப் குறுகிய வளைவில் திரும்ப வேண்டியிருப்பதால் இந்தச் சிக்கல் நமக்கு மற்ற காந்தக்காரர்களைவிட அதிகம். எங்கே அடிபட்டிருக்கிறது என்று தெரிய, காயிலை நாலைந்து பகுதியாகப் பிரித்துச் சென்ஸ் ஒயர் வைத்திருக்க வேண்டும், சுற்றும்போதே வைத்தால்தான் உண்டு.

இன்னொன்று. டேப்புக்கான அளவுகோலான சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் என்பதை முழுக் காயிலுக்கு அப்படியே போடாதீர்கள். 20 மீட்டர் டேப்புக்கு அது 2 மில்லிவோல்ட். கெட்ட இடம் இரண்டே சென்டிமீட்டர் என்றால் அந்த 2 மில்லிவோல்ட் முழுவதும் அங்கேயே விழுகிறது, 100 ஆம்பியரில் அந்தச் சின்ன இடத்தில் 0.2 வாட். நைட்ரஜனில் முங்கியிருக்கும்போது தாங்கும், வெற்றிடத்தில் குளிர்விக்கும் காந்தத்தில் அது எரிந்துபோக ஆரம்பம். காயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை நன்றாக இருந்தது, ஒவ்வொரு முறை குளிர்விக்கும்போதும் இறங்கிக்கொண்டே போகிறது

இதுதான் நம் கடற்கரையில் அதிகம் பார்க்கிற பிழை, இதில்தான் நிறையப் பேர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

இரண்டு காரணங்கள் உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது எபாக்ஸி. அறை வெப்பத்திலிருந்து 77 கெல்வினுக்குப் போகும்போது செம்பு 0.3 சதவீதம், அலுமினியம் 0.39 சதவீதம் சுருங்கும், வெறும் எபாக்ஸியோ 1 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். எபாக்ஸி டேப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுருங்கும்போது அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிய்க்கிறது. ரெப்கோ டேப் நீளவாக்கில் இழுத்தால் எஃகு மாதிரி தாங்கும், அடுக்குக்குக் குறுக்கே பிய்த்தால் சில பத்து மெகாபாஸ்கலிலேயே பிரிந்துவிடும். 2010-ஐ ஒட்டியே ஜப்பானில் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள், இருந்தும் மோட்டார் காயிலுக்குப் போடும் வார்னிஷ் பழக்கத்தில் இங்கேயும் எபாக்ஸி ஊற்றிவிடுகிறார்கள். மெழுகு போடுங்கள், சாதாரண பாராஃபின் மெழுகு. அது பிடித்து இழுக்காது, தானே விரிசல் விட்டுவிடும், டேப் தப்பிக்கும். பலம் வேண்டும் என்றால் கனிமப் பொடி கலந்த எபாக்ஸி, அதுவும் டேப்புக்கும் அதற்கும் நடுவே ஒட்டாத ஒரு அடுக்கு வைத்து.

இரண்டாவது காரணம் ஈரம். ரெப்கோ பீங்கானுக்கும் தண்ணீருக்கும் ஆகாது, வேதிவினை நடந்து பீங்கான் சிதையும். செம்பு முலாம் சுற்றி மூடியிருக்கும் வரை பாதுகாப்பு, ஆனால் அகலமான டேப்பை நடுவே வெட்டிக் குறுக்கியிருந்தாலோ, நீங்களே கத்தரியால் வெட்டிய முனையிலோ, வளைத்து முலாம் கீறிய இடத்திலோ ஓரம் திறந்திருக்கும். புதுச்சேரியில் வருடத்தில் பெரும்பகுதி காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 20 டிகிரிக்கு மேல்தான். 77 கெல்வினிலிருந்து காயிலை வெளியே எடுத்து மேசையில் வைத்தால் என்ன ஆகும் என்று பொறுமையாக நின்று பாருங்கள். முதலில் வெள்ளையாகப் பனி படியும், விரலால் தொட்டால் மாவு போல் உதிரும். பிறகு பனி கண்ணாடி மாதிரி ஆகி, உருளையின் அடிப்பக்கத்தில் சொட்ட ஆரம்பிக்கும், அந்தத் தண்ணீர் சுற்றுகளுக்கு நடுவே நுண்துளை வழியே ஏறி உள்ளே தங்கும். மேலே காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுநாள் மறுபடி நைட்ரஜனில் இறக்கினால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரிந்து சுற்றுகளைத் தள்ளும்.

இதில் கூடவே ஒரு அடையாளம் உண்டு, அதைத் தேடுங்கள். டேப்பின் மேல் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் அங்கங்கே கொப்புளம் தெரியும், அரிசி அளவில், செம்பு மெல்ல உப்பி. திறந்த ஓரம் வழியாக உள்ளே கசிந்த திரவ நைட்ரஜன், சூடாகும்போது சுமார் 700 மடங்காக விரிந்து, வெளியேற வழியில்லாமல் முலாமைத் தூக்கிவிட்ட இடம் அது. கொப்புளம் இருந்தால் அந்த டேப் போனதுதான். ஆனால் அடுத்த டேப்பைக் காப்பாற்றலாம்: மெல்ல, மணிக்கணக்கில் சூடேற்றுங்கள்.

செய்ய வேண்டியது இது. காயிலை நைட்ரஜனிலிருந்து தூக்கும்போது, திரவத்துக்கு மேலே வாயு நிறைந்திருக்கும் இடத்திலேயே நிறுத்தி வையுங்கள். பிறகு தடிமனான பாலித்தீன் பைக்குள் போட்டு, உள்ளே கேனிலிருந்து ஆவியாகும் உலர்ந்த நைட்ரஜன் வாயுவை மெல்ல விட்டுக்கொண்டே, முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். கடைசியில் 50, 60 டிகிரி அடுப்பில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு ராத்திரி. ரீல்களையும் சும்மா அலமாரியில் வைக்காதீர்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து ஊரையே வெள்ளக்காடாக்கியது நினைவிருக்கும், அந்த மாதிரி நாட்களில் ஏசி இல்லாமல், மின்சாரம் இல்லாமல் சுவரெல்லாம் வியர்க்கிற அறையில் டேப் ரீல் திறந்து கிடக்கக் கூடாது. ரப்பர் வளையம் போட்ட டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை ஜெல்லை வறுத்துப் போடுங்கள்.

எபாக்ஸியா ஈரமா என்று எப்படிப் பிரிப்பது? இறக்கம் முதல் இரண்டு மூன்று குளிர்விப்பிலேயே பெரிதாக விழுந்து அப்புறம் நின்றுவிட்டால் அநேகமாக இழுவிசை. கொஞ்சம் கொஞ்சமாக, குளிர்விக்காமல் சும்மா வைத்திருந்த மழைக்காலத்துக்குப் பிறகும் இறங்கியிருந்தால் ஈரம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும். ஈரத்துக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு நைட்ரஜனைக் கையாளாதீர்கள். ஒரு லிட்டர் சிந்தினால் அறையில் 700 லிட்டர் வாயு. ஆக்சிஜன் குறைவதை உடம்பு எச்சரிக்காது, நேராக மயக்கம்தான். கால்நடை மருத்துவமனையில் சினை ஊசிக்கான கேனைத் திறந்த இடத்தில் வைத்து ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் செய்வது சரி. காயிலுக்குப் பை, ஆளுக்குக் காற்று.

கரண்ட் முழுதாக ஏறிவிட்டது, காந்தப்புலம் வர மாட்டேன் என்கிறது

காப்பு இல்லாத காயில் சுற்றியிருக்கிறீர்களா? அப்படியானால் இது பிழையே இல்லை. டேப்புக்கு நடுவே காப்பு போடாமல் சுற்றும் முறையை 2011-ல் எம்ஐடி குழு பிரபலமாக்கியது. ஒரு இடம் சூடானால் கரண்ட் பக்கத்துச் சுற்றுக்குத் தாவிவிடும், காயில் எரியாது. அதற்குக் கொடுக்கும் விலை, ஏற்றும்போதும் கரண்ட் சுருள் வழியே போகாமல் குறுக்கு வழியில் ஓடுவது. காயில் 5 மில்லி ஹென்றி, சுற்றுகளுக்கு இடையிலான மொத்தத் தொடுமின்தடை 50 மைக்ரோ ஓம் என்றால் காலமாறிலி (முதலாவதை இரண்டாவதால் வகுத்தது, புலம் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதன் அளவு) 100 வினாடி. முழுப் புலம் வர அதைப் போல் ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும். ஹால் சென்சர் (காந்தப்புலத்தை அளக்கும் சில்லு) காட்டும் புலத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து காலமாறிலியை எடுத்து எழுதி வையுங்கள், ஒவ்வொரு குளிர்விப்பிலும் ஒப்பிடுங்கள். அது இறங்கிக்கொண்டே போனால் சுற்றுகள் தளர்கின்றன, ஏறினால் எங்கேயோ அழுத்தம் கூடியிருக்கிறது.

எவ்வளவு காத்திருந்தாலும் கணக்கிட்ட புலத்துக்குக் கீழேயே நின்றால், கரண்டின் ஒரு பகுதி நிரந்தரமாகக் குறுக்கே ஓடுகிறது, அதாவது ஏதோ ஒரு பகுதியில் மாறுநிலையைத் தாண்டிவிட்டீர்கள். கரண்டைக் குறைத்துப் பாருங்கள், விகிதம் திரும்ப வரும்.

அண்டுலேட்டர் நாள் முழுக்க ஒரே புலத்தில் நிற்பதால் இந்தத் தாமதம் பெரிய தொல்லை இல்லை என்பது என் கருத்து. ஆனால் காப்பில்லாக் காயில் எதையும் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2019-ல் அமெரிக்காவின் டல்லஹாசியில் இதே முறையில் சுற்றிய சின்னக் காயில், இன்னொரு பெரிய காந்தத்துக்குள் வைத்து, மொத்தம் 45.5 டெஸ்லா என்ற சாதனையை எட்டியது, சோதனைக்குப் பிறகு பிரித்துப் பார்த்தபோது டேப்பின் ஓரங்கள் நிரந்தரமாக வளைந்திருந்தன.

புலம் வந்தது, ஆனால் நிற்காமல் நகர்கிறது

கரண்டை மாற்றவே இல்லை, புலம் மட்டும் மெல்ல ஏறுகிறது அல்லது இறங்குகிறது. நகர்வை மடக்கை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் திரைமின்னோட்டம். டேப் அகலமான மீகடத்தி என்பதால் புலம் நுழைவதைத் தடுக்க அதன் முகத்திலேயே சுழல் கரண்ட் உண்டாகி, மெல்ல மெல்ல அடங்கும். மேலே சொன்ன காலமாறிலிதான் காரணம் என்றால் அடுக்குக்குறி வடிவில் வந்து நின்றுவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இது ஏன் முக்கியம்? 10 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஒரு மீட்டர் நீள அண்டுலேட்டரில் 100 அலைகள், அதனால் ஒளியின் கோட்டகலம் (அலைநீளம் பரவியிருக்கும் அளவு) சுமார் 1 சதவீதம். மேலே சொன்ன 2 டெஸ்லா புலத்தில் 1 சதவீதம் தவறினால் ஒளியின் அலைநீளம் சுமார் 1.3 சதவீதம் தள்ளிப்போகும், ஒரு கோட்டின் அகலத்தையே தாண்டிவிடும். கூடவே முனைகளில் புலத்தின் தொகை பூஜ்யமாக வராவிட்டால் எலக்ட்ரான் கற்றை ஒரு பக்கமாக உதைபட்டு, வளையத்தில் மற்ற எல்லாருடைய பரிசோதனையும் ஆடும். நம் ஆய்வகத்தில் அற்பமாகத் தெரிகிற நகர்வு அங்கே பெரிய விஷயம்.

வழி: வேண்டிய கரண்டைவிடச் சில சதவீதம் மேலே ஏற்றி, பிறகு இறக்கி நிறுத்துங்கள். அடங்கும் வேகம் பெரிதும் குறையும். எவ்வளவு மேலே என்பது காயிலுக்குக் காயில் வேறு, சோதித்துத்தான் எடுக்க வேண்டும். ஒரே காயிலை எப்போதும் ஒரே முறையில், ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய புலமும் இன்றைய புலமும் ஒத்துப்போகாது.

திடீரென்று வோல்டேஜ் எகிறியது, காயில் கருகியது

உயர்வெப்பநிலை மீகடத்தியின் பெரிய அபாயம் இதுதான். நியோபியம்-டைட்டானியத்தில் ஒரு இடம் சூடானால் அந்தச் சூடு வினாடிக்கு மீட்டர் கணக்கில் பரவும், உடனே தெரிந்துவிடும். ரெப்கோவில் வினாடிக்கு மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கணக்கில்தான். வெளியே வோல்டேஜ் பெரிதாகத் தெரிவதற்குள் அந்த ஒரு இடம் உருகிவிடும். காயிலின் நடுவில் ஒரு சென்ஸ் ஒயர் வைத்து இரண்டு பாதிகளின் வோல்டேஜைக் கழித்துக் கண்காணியுங்கள், இண்டக்டன்ஸ் வோல்டேஜ் கழிந்துபோய்ப் பிழை மட்டும் மிஞ்சும். எல்லையை எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே, சில மில்லிவோல்ட்டில், வையுங்கள். தாண்டினால் பவர் சப்ளை தானாக நின்று, கரண்ட் வெளியே உள்ள மின்தடையில் எரிய வேண்டும்.

கரண்ட் போகிற ஊரில் இன்னொரு ஏற்பாடும் அவசியம். சப்ளை அணைந்தாலும் காயிலின் கரண்டுக்கு வழி இருக்கும்படி காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுங்கள், கண்காணிப்புக் கருவியை மட்டும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். பவர் சப்ளையை யுபிஎஸ்ஸில் போடாதீர்கள், மின்சாரம் போனால் காந்தமும் இறங்குவதுதான் நல்லது.

கருகிய இடம் கரண்ட் முனைக்குப் (வெளியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் கொண்டுவரும் செம்பு) பக்கத்தில் இருந்தால் டேப்பைக் குறை சொல்லாதீர்கள். செம்பு முனை வழியே அறையிலிருந்து இறங்கும் சூடுதான் காரணம். 1000 ஆம்பியருக்கு ஒரு முனைக்கு சுமார் 40 வாட்டுக்கு மேல் 77 கெல்வினுக்குள் இறங்கும். நைட்ரஜன் மட்டம் கீழே போய் முனை வெளியே தெரிந்தால் முதலில் சூடாவது அங்கேதான்.

குளிர்விப்பான் 20 கெல்வினுக்கு இறங்க மாட்டேன் என்கிறது

முதலில் சென்சரைச் சந்தேகப்படுங்கள். பிளாட்டினம் 100 சென்சரை நைட்ரஜனில் முக்கினால் சுமார் 20 ஓம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் ஒயரிங்கைப் பாருங்கள். 30 கெல்வினுக்குக் கீழே அதை நம்பவே வேண்டாம், வேறு சென்சர் போடுங்கள்.

சென்சர் சரி என்றால் வெற்றிடம். பம்ப் ஓடும்போது மட்டும் அழுத்தம் நன்றாக இருந்து, வால்வை மூடியதும் ஏறினால் கசிவு அல்லது உள்ளே ஈரம். மழைக்காலத்தில் திறந்து மூடிய பிறகு எங்களுக்கு வருவது பெரும்பாலும் ஈரம்தான்: பலஅடுக்கு அலுமினியத் தாளில் ஒட்டிய நீர் மெல்ல மெல்ல வரும், ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, உலர்ந்த நைட்ரஜனால் நிரப்பி, மறுபடி இறைத்தால் குறையும். கசிவு என்றால் ஏறும் வேகம் குறையவே குறையாது.

வெற்றிடமும் சரி, குளிர்முனை (குளிர்விப்பானில் குளிர் வரும் முனை) இறங்குகிறது, காயில் மட்டும் இறங்கவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே தொடுகை போதவில்லை. இண்டியம் தகட்டை நடுவே வைத்து, போல்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்கள், குளிரில் செம்பு சுருங்கிப் போல்ட் தளர்ந்தாலும் அழுத்தம் நிற்கும்.

குளிர்முனையே இறங்கவில்லை என்றால் குளிர்விப்பானுக்கு ஹீலியத்தை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர். கத்திரி வெயிலில் சில்லர் (கம்ப்ரஸருக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) மாடியில் நிற்கும் கட்டடங்களில் மதியம் ஒரு மணிக்கு மேல் தண்ணீர் சூடாகி, கம்ப்ரஸர் டிரிப் ஆகும், ராத்திரி தானாகச் சரியாகிவிடும். அதை ஹீலியம் குறைந்துவிட்டது என்று நினைத்து நிரப்பிவிட்டால் இன்னொரு பிரச்சினை வாங்கிக்கொள்வீர்கள். சில்லர் தண்ணீரின் உள்வரும் வெப்பம், ஹீலியம் அழுத்தம், குளிர்முனையின் வெப்பம் மூன்றையும் ஒரே நோட்டில், நேரத்தோடு, காலை, மதியம், ராத்திரி எழுதுங்கள். மதியத்தில் மட்டும் மூன்றும் சேர்ந்து ஏறினால் சில்லருக்கு நிழல் போடுங்கள், ராத்திரியிலும் அழுத்தம் குறைந்தே இருந்தால் அப்போது ஹீலியத்தைப் பாருங்கள்.